ஆன்டெனாவுக்குப் பின்னால் கரையும் வாட்டுகள்

மில்லிமீட்டர் அலைக் கருவிகளின் ஆற்றல் சிக்கனம் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதுவும் கைக்கு வந்தால், அதில் நான் முதலில் தேடுவது ஒரு சிறிய அட்டவணையைத்தான். பெரும்பாலும் அது கட்டுரையின் பிற்பகுதியில், கணினிக் கணக்கீட்டுக்கு எடுத்துக்கொண்ட அளவுகள் என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும். அலையின் கட்டத்தை (ஃபேஸ்) நகர்த்தும் ஃபேஸ் ஷிஃப்டர் ஒன்றுக்கு இத்தனை மில்லிவாட், அனலாக் அலையை டிஜிட்டல் எண்களாக்கும் ஏ.டி.சி. ஒன்றுக்கு இத்தனை, அதிர்வெண்ணை மாற்றும் மிக்ஸருக்கு இத்தனை என்று நாலைந்து வரிகள், அவ்வளவே. முன்பக்கங்களில் உள்ள தேற்றங்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கடைசி வரைபடத்தில் எந்தக் கோடு மேலே நிற்கும் என்பதை அந்த நாலைந்து வரிகள்தாம் தீர்மானிக்கின்றன. ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் அலையின் திறனைவிட, அந்த அலையை உருவாக்குவதற்காக ஆன்டெனாவுக்குப் பின்னால் விழித்திருக்கும் மின்சுற்றுகள் உண்ணும் திறனே இத்துறையில் பெரிய செலவு என்பது என் எண்ணம். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

முதலில் அடிப்படை. 30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளின் நீளம் 10 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை இருப்பதால் இந்தப் பெயர், 5ஜியில் 24.25 கிகாஹெர்ட்ஸிலிருந்தே இந்தப் பட்டையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். (1890களிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதே அலைகளை உண்டாக்கி, ஒளியைப் போல வளைத்தும் பிரதிபலித்தும் காட்டிவிட்டார். கைபேசிப் பயன்பாட்டுக்கு வர நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.) எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஆன்டெனாக்களை இரு முனையிலும் வைத்துக்கொண்டால், 2.8 கிகாஹெர்ட்ஸில் வந்து சேரும் திறனில் நூற்றில் ஒரு பங்குதான் 28 கிகாஹெர்ட்ஸில் வந்து சேரும். அலை வழியில் எங்கும் கரைந்துபோவதில்லை. அலைநீளம் பத்தில் ஒன்றானதால் ஆன்டெனாவின் பிடிபரப்பு நூற்றில் ஒன்றாகிவிட்டது. ஆகவே இழந்த பரப்பை மீட்க ஒன்றுக்குப் பதிலாகப் பல ஆன்டெனாக்களை வரிசைப்படுத்துகிறோம். 28 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் ஏறக்குறைய 5.35 மில்லிமீட்டர் என்பதால், எட்டுக்கு எட்டு என்ற 64 ஆன்டெனாக்களின் அணி 43 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் அடங்கிவிடுகிறது. பரப்புச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் பின்னால் ஒரு பெருக்கி, ஒரு ஃபேஸ் ஷிஃப்டர், பெறும் பக்கத்தில் இன்னொரு பெருக்கி என்று 64 தொகுதிகள் வேலைக்கு நின்றாக வேண்டும். மின்கட்டணம் அங்கேதான் தொடங்குகிறது.

பல ஆன்டெனா முறையான மைமோவின் வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கு முன்வரிசை இடம் உண்டு. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் சோனார் ஆய்வில் பணியாற்றி, பின்னர் ஸ்டான்ஃபோர்டு சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், 1992இல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 2010இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா, அடிநிலையத்தில் (கைபேசிகளோடு பேசும் கோபுரத்தில்) ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை எல்லையின்றி உயர்த்தினால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதிய கட்டுரையிலிருந்து ‘மாஸிவ் மைமோ’ பிறந்தது. அதைத் தொடர்ந்து 2013இல் வந்த ஒரு முடிவு பலரையும் கவர்ந்தது: அலைப்பாதை துல்லியமாகத் தெரிந்திருந்தால், ஆன்டெனாக்களை இரட்டிப்பாக்கும்போது கைபேசி வீச வேண்டிய திறனைப் பாதியாகக் குறைத்தும் அதே வேகத்தைப் பெறலாம் என்பது அது. கணக்கு சரியே. ஆனால் அதிலிருந்து, ஆன்டெனாக்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஆற்றல் சிக்கனமும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம் பரவியது. எமில் பியோர்ன்சனும் உடனாய்வாளர்களும் 2015இல் மின்சுற்றுகளின் செலவையும் சேர்த்து மீண்டும் கணக்கிட்டபோது, ஒரு கட்டத்துக்கு மேல் ஆன்டெனாக்கள் சிக்கனத்தைக் கெடுக்கின்றன என்று தெரிந்தது. போதாக்குறைக்கு, உகந்த வடிவமைப்பில் ஆன்டெனாக்கள் கூடும்போது மொத்த வீச்சுத் திறனையும் கூட்டத்தான் வேண்டும் என்ற, பலரும் எதிர்பாராத முடிவும் வந்தது.

இதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 64 ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றும் சராசரியாக 10 மில்லிவாட் வீசுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பெருக்கியின் பயனுறுதிறன் 8 விழுக்காடு என்றால், ஒவ்வொரு பெருக்கியும் 125 மில்லிவாட் எடுக்கும். 64 பெருக்கிகளுக்குமாக 8 வாட். இலக்குத் திசையில் அலை எவ்வளவு வலுவாகப் போகிறது என்பதை மாற்றாமல் ஆன்டெனாக்களை 128 ஆக்கினால், அணி ஒரே திசையில் குவிக்கும் அலைக் கற்றை இரு மடங்கு கூர்மையாவதால் மொத்த வீச்சு பாதியாகக் குறையலாம். பெருக்கிகளின் செலவும் 4 வாட் ஆகும். ஆனால் வீச்சு எவ்வளவானாலும் மாறாத செலவு ஒன்று ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் உண்டு. அதை 100 மில்லிவாட் என்று கொண்டால், 64 ஆன்டெனாக்களுக்கு 6.4 வாட்டாக இருந்தது 128க்கு 12.8 வாட் ஆகிவிடுகிறது. ஒன்று எண்ணிக்கையோடு தலைகீழாக இறங்குகிறது, மற்றது எண்ணிக்கையோடு நேராக ஏறுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில்தான் கூட்டுத்தொகை மிகக் குறைவு. நமது எண்களுக்கு அந்த இடம் 72 ஆன்டெனாக்களை ஒட்டி வருகிறது, மொத்தம் 14.3 வாட். 256 ஆன்டெனாக்களுக்குப் போனால் பெருக்கிகள் 2 வாட்டோடு நின்றுகொள்ளும், மாறாத செலவோ 25.6 வாட்டைத் தொடும். மாறாத செலவை 50 மில்லிவாட்டாகக் குறைத்தால் உகந்த எண்ணிக்கை 100ஐத் தாண்டும், 200 ஆக்கினால் 51க்கு இறங்கும். இதில் ஓர் எச்சரிக்கை: 10 மில்லிவாட்டுக்காக வடிவமைத்த பெருக்கியை 2.5 மில்லிவாட்டில் ஓட்டினால் அந்த 8 விழுக்காடுகூட நிலைக்காது. எண்ணிக்கையை உயர்த்துகிறவர் பெருக்கியையும் சிறியதாக மறுவடிவமைக்க வேண்டும்.

அந்த 8 விழுக்காட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கக்கூடும். பாடநூலில் ‘கிளாஸ் பி’ பெருக்கியின் உச்சப் பயனுறுதிறன் 78.5 விழுக்காடு. ஆனால் அது பெருக்கி தன் முழுத் திறனில் ஓடும்போது கிடைப்பது. 4ஜி, 5ஜி இரண்டிலும் பயன்படும், பல சிறு அலைகளைக் கூட்டி உருவாக்கும் ஓ.எஃப்.டி.எம். அலையில் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே 10 டெசிபல் வரை இடைவெளி இருப்பதால், அரிதாக வரும் உச்சம் சிதையாமலிருக்க, பெருக்கியை எப்போதும் அடக்கியே ஓட்ட வேண்டியிருக்கிறது. 6 டெசிபல், அதாவது திறன் கால் பங்காகும்படி, அடக்கினாலே அந்த 78.5 பாதியாகிவிடும். மில்லிமீட்டர் அலையில் சிலிக்கான் டிரான்சிஸ்டர்களின் இழப்பையும் இணைப்புக் கோடுகளின் இழப்பையும் சேர்த்தால், அடக்கி ஓட்டும் நிலையில் 10 விழுக்காட்டை ஒட்டியே பல நேரங்களில் நிற்கிறோம். 1936இல் பெல் ஆய்வகத்தில் வில்லியம் டோஹெர்ட்டி கண்டுபிடித்த இரட்டைப் பெருக்கி உத்தி இன்றும் கைகொடுக்கிறது. ஒரு பெருக்கி சராசரியைக் கவனித்துக்கொள்ள, மற்றது உச்சம் வரும்போது மட்டும் துணைக்கு வரும். தாழ்ந்த அதிர்வெண் அடிநிலையங்களில் இதனுடன், பெருக்கி உண்டாக்கப்போகும் சிதைவை முன்கூட்டியே ஈடுகட்டும் டிஜிட்டல் முன்திருத்தமும் சேர்ந்து பயனுறுதிறனை வெகுவாக உயர்த்திவிட்டன. இங்கோ, 400 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலையை ஒவ்வொரு பெருக்கிக்கும் தனித்தனியாகத் திருத்த முனைந்தால், திருத்தும் சுற்று உண்ணும் திறன் மிச்சப்படுத்தும் திறனை விழுங்கிவிடும். ஆகவே பல பெருக்கிகளுக்குப் பொதுவாக ஒரே திருத்தம் என்ற சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள்.

பெறும் பக்கத்தில் கதை இன்னும் சுவையானது. ஏ.டி.சி. எடுக்கும் திறன், மாதிரி வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். ஒவ்வொரு பிட் கூட்டும்போதும் குறைந்தது இரட்டிப்பாகும். ஒரு படிக்கு 100 ஃபெம்டோஜூல் என்ற ஓரளவு நல்ல ஏ.டி.சி.யை எடுத்துக்கொண்டு, நொடிக்கு 100 கோடி மாதிரிகள், 10 பிட் (1024 படிகள்) என்று வைத்தால், ஒன்றுக்கு 0.1 வாட். ஓர் ஆன்டெனாவுக்கு இரண்டு வீதம் 64 ஆன்டெனாக்களுக்கு 128 ஏ.டி.சி.கள்: 13 வாட். இந்த எண்ணுக்கு அஞ்சித்தான் ‘ஹைப்ரிட் பீம்ஃபார்மிங்’ என்ற இடைவழி பிரபலமானது. ஆன்டெனாக்களின் கட்டத்தை அனலாக் ஃபேஸ் ஷிஃப்டர்களால் திருப்பிக் கூட்டி, நான்கே ஆர்.எஃப். செயின்கள் (மிக்ஸர், ஏ.டி.சி. முதலியன அடங்கிய சுற்றுத் தொடர்கள்) வழியாக டிஜிட்டல் பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் முறை இது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீத்தின் குழு 2014இல் வெளியிட்ட கட்டுரை, மில்லிமீட்டர் அலை சில பாதைகளில் மட்டுமே வந்து சேர்வதால் இவ்வளவு குறைந்த செயின்களே போதும் என்று காட்டியது. அனுப்பும் தரவு ஓடைகளைப் போல இரு மடங்கு செயின்கள் இருந்தால் முழு டிஜிட்டல் முறை செய்யும் எதையும் ஹைப்ரிட் செய்துவிடும் என்று 2016இல் டொரொன்டோவின் ஃபோவாத் சொஹ்ராபியும் வெய் யூவும் நிறுவினார்கள்.

இப்போது அந்தச் சிறிய அட்டவணைக்கு வருவோம். நான்கு செயின்களையும் 64 ஆன்டெனாக்களோடும் முழுமையாக இணைத்தால் 256 ஃபேஸ் ஷிஃப்டர்கள் வேண்டும். கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் 30 மில்லிவாட் என்ற மதிப்பை ஏற்றுக்கொண்டால், அவை மட்டுமே 7.7 வாட். ஏ.டி.சி.களுக்கு 0.8 வாட், செயின் ஒன்றுக்கு 40 மில்லிவாட் வீதம் 0.16 வாட், ஆக மொத்தம் 8.7 வாட். ஒவ்வொரு செயினுக்கும் 16 ஆன்டெனாக்களை மட்டும் ஒதுக்கினால் ஃபேஸ் ஷிஃப்டர்கள் 64 ஆகக் குறைந்து, மொத்தம் 2.9 வாட் ஆகிறது. கற்றையின் வலுவில் கொஞ்சம் இழப்போம். முழு டிஜிட்டல் முறையிலேயே இருந்துகொண்டு, ஏ.டி.சி.யை 10 பிட்டிலிருந்து 4 பிட்டாகக் குறைத்தாலோ, 13 வாட் 0.2 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. 64 செயின்களுக்கு 2.6 வாட் சேர்த்தால் மொத்தம் 2.8 வாட். ஹைப்ரிட்டுக்காகச் சொல்லப்பட்ட காரணமே இங்கே காணாமல் போகிறது. அதோடு முடியவில்லை. 128 ஏ.டி.சி.களும் 4 பிட் வீதம் நொடிக்கு 512 கிகாபிட் தரவை உமிழ்கின்றன. ஒரு பிட்டைச் சில்லுக்குச் சில்லு நகர்த்த 5 பிகோஜூல் ஆகும் என்றால் இன்னும் 2.6 வாட் போயிற்று. ஹைப்ரிட்டில் இது வெறும் 0.4 வாட்தான். தராசு மறுபடியும் சாய்கிறது. அந்த 5 பிகோஜூலை 0.2 ஆகக் குறைத்தால், அதுவும் திரும்பிவிடும். ஹைப்ரிட் சிறந்ததா, டிஜிட்டல் சிறந்ததா என்று தீர்ப்பு வழங்கும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடு படிப்பதற்குக் காரணம் இதுதான். அவை பெரும்பாலும் தாம் எடுத்துக்கொண்ட ஆண்டின் சில்லுத் தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசுகின்றன.

ஆனாலும் ஒரு திசையில் எனக்குச் சாய்வு உண்டு, அது, ஒரு பட்டையில் இரைச்சலுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு தரவு அனுப்பலாம் என்று சொல்லும் ஷானனின் வாய்பாட்டிலிருந்து வருவது. நொடிக்கு 800 மெகாபிட் அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்பினால் ஹெர்ட்ஸுக்கு 8 பிட். அதற்கு இரைச்சலைப் போல 255 மடங்கு குறிப்பலை வேண்டும். 400 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் ஹெர்ட்ஸுக்கு 2 பிட். 3 மடங்கு போதும். பட்டை நான்கு மடங்கானதால் இரைச்சலும் நான்கு மடங்காகும் என்பதைச் சேர்த்தாலும், 255க்கு எதிரே 12. வீச வேண்டிய திறன் ஏறக்குறைய 21இல் ஒரு பங்கு! மில்லிமீட்டர் அலையில் கிடைக்கும் உண்மையான செல்வம் இந்த அகலம்தான். அகலமாகவும் முரட்டுத்தனமாகவும் அனுப்பினால், பெருக்கியை அவ்வளவு அடக்க வேண்டியதில்லை, ஏ.டி.சி.க்கு 4 பிட் தாராளமாகப் போதும். இரைச்சல் மிகுந்த நிலையில் ஒற்றை பிட் ஏ.டி.சி.கூட ஏறத்தாழ 2 டெசிபலை மட்டுமே இழக்கும். ஆனால் சந்தை ஓடுவது வேறு பக்கம். உச்ச வேகத்தை விளம்பரத்தில் போட வேண்டும் என்பதற்காக, இவ்வளவு அகலப் பட்டையிலும் 256 புள்ளிகளை, அதாவது ஒரு குறியீட்டில் 8 பிட்டை, திணிக்கும் 256-க்வாம் முறையைத் தரநிலையில் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு தேவைக்காகப் பெருக்கி, ஏ.டி.சி., அலையியற்றி எல்லாமே நாள் முழுவதும் விலையுயர்ந்த நிலையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

காத்திருப்பதன் செலவு என்னவென்று ஆய்வக மேசையில் கண்ணாலேயே பார்க்கலாம். 64 ஆன்டெனாப் பலகையின் பின்புறத்தில், ஒவ்வொன்றும் நான்கு ஆன்டெனாக்களைக் கவனிக்கும் 16 பீம்ஃபார்மர் (கற்றையை உருவாக்கும்) சில்லுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அவற்றின்மேல் துடுப்புத் துடுப்பான அலுமினிய வெப்பத்தணிப்பியும், அதன்மேல் இரையும் ஒரு விசிறியும். குறிப்பலையை நிறுத்திவிட்டு, பெருக்கிகளுக்குப் போகும் மின்னழுத்தத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தால், மின்வழங்கியின் அளவியில் எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது. வெப்பக் கேமராவில் 16 சில்லுகளும் முன்போலவே வெளிறிய மஞ்சள் சதுரங்களாகத் தெரியும். ஒரு பிட்கூட வெளியே போகவில்லை. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். 43 மில்லிமீட்டர் சதுரம் என்பது 18 சதுர சென்டிமீட்டர்தான். அதில் 15 வாட் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 0.8 வாட். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டரின் பெருக்கம் குறையும், குறைந்ததை ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டுவோம், சூடு இன்னும் ஏறும். பயணி வராத நேரத்திலும் என்ஜினை அணைக்காமல் நிற்கும் ஆட்டோவைப் போன்றது இது.

இந்தச் சும்மா இருக்கும் செலவை முதன்முதலில் விரிவாக அளந்து மாதிரியாக்கியது 2010 முதல் 2012 வரை ஐரோப்பாவில் நடந்த ‘எர்த்’ திட்டம். 4ஜி பெரிய அடிநிலையம் ஒன்றில், 20 வாட் வீசும் ஒரு டிரான்சீவர் (அனுப்பவும் பெறவும் செய்யும் தொகுதி), முழு வேகத்தில் 224 வாட் எடுக்கும். எதுவுமே அனுப்பாதபோது 130 வாட். உறக்கத்தில் போட்டால் 75 வாட். வேலை முற்றிலும் நின்றாலும் செலவில் பாதிக்கு மேல் தொடர்கிறது. மில்லிமீட்டர் அலைக் கோபுரங்களில் இது இன்னும் கூர்மையாகும் என்று எண்ணக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் சுற்றியுள்ள சில நூறு மீட்டரைத்தான் கவனிக்கிறது. அந்த வட்டத்துக்குள் பயனாளர் எவருமே இல்லாத நேரம் நாளில் மிகுதி. தென்கொரியாவில் 2018இல் ஏலம் விடப்பட்ட 28 கிகாஹெர்ட்ஸ் பட்டையை, போதிய கோபுரங்கள் எழுப்பப்படவில்லை என்று 2022, 2023 ஆண்டுகளில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்ட கதையின் பின்னணியில், குறுகிய எல்லைக்கு இத்தனை கோபுரமா என்ற கணக்கும் இருந்தது.

அணைத்துவைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இடையில் நிற்பது கற்றைத் தேடல். கூர்மையான கற்றை எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் தெரியாது என்பதால், 5ஜி அடிநிலையம் தன் இருப்பை அறிவிக்கும் குறிப்பலையை 64 திசைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாக வீசிக் காட்டுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிநொடி ஆகும்; வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். எந்தக் கைபேசியும் இல்லாத தெருவிலும், நேரத்தில் கால் பங்கு பலகை விழித்திருந்தே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள். மீதி 15 மில்லிநொடியில் லேசாகக் கண்ணயரலாமே தவிர, எழுந்து நிலைபெறப் பத்துக்கணக்கான மில்லிநொடி பிடிக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியாது. தரநிலை இந்த இடைவெளியை 160 மில்லிநொடி வரை நீட்ட இடம் தருகிறது. அப்போது விழிப்பு 3 விழுக்காடாகக் குறையும், ஆனால் புதிதாக வரும் கைபேசி கோபுரத்தைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். இதைவிடத் தெளிவான வழி, அறிவிப்பு வேலையைத் தாழ்ந்த அதிர்வெண் அடிநிலையத்திடம் ஒப்படைத்துவிட்டு, பெரிய தரவு தேவைப்படும்போது மட்டும் மில்லிமீட்டர் அலைப் பலகையை எழுப்புவதுதான். கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 18ஆம் வெளியீட்டிலிருந்து வலையமைப்பின் ஆற்றல் சேமிப்புக்கென்றே தனிப்பணியைத் தொடங்கி, பயன்படாத ஆன்டெனாத் தொகுதிகளை அவ்வப்போது அணைப்பதற்கும், 19ஆம் வெளியீட்டில் கேட்டால் மட்டும் அறிவிப்பு வீசுவதற்கும் வழி செய்திருக்கிறது. கட்டுரைகளில் ஹைப்ரிட்டா டிஜிட்டலா என்று நடக்கும் வாதத்தைவிட இந்தப் பணி மின்கட்டணத்தை அதிகம் குறைக்கும் என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவில் 2022 ஏலத்தில் ஜியோ 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1000 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. ஏர்டெல் 800 வாங்கியது. இங்கே இந்தப் பட்டைக்குப் பொருத்தமான பயன், வீட்டு மாடியில் பெட்டி வைத்துத் தரும் கம்பியில்லா பிராட்பேண்ட்தான். ஆற்றலைப் பொறுத்தவரை அது வரம். பெட்டி நகர்வதில்லை, எந்தக் கற்றை எந்த வீட்டுக்கு என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால் நாட்கணக்கில் மாறாது, 64 திசைகளையும் நொடிக்கு 50 முறை துழாவத் தேவையில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் சுமை கூடும், விடியற்காலையில் வற்றிவிடும். நள்ளிரவுக்குப் பின் 64 ஆன்டெனாக்களில் 16ஐ மட்டும் விழிக்க வைத்தால் மாறாத செலவு கால் பங்காகும். வலு 12 டெசிபல் குறைவது உண்மைதான், ஆனால் அந்நேரத்துத் தரவுக்குப் பட்டையின் அகலமே அதை ஈடுகட்டப் போதுமானதாக இருக்கும். தொலைவில் உள்ள வீடுகளுக்கு மட்டும் தேவை எழும்போது முழு அணியையும் எழுப்பிக்கொள்ளலாம்.

அடிநிலையங்களின் மின்செலவைத் தாழ்ந்த சுமை, நடுத்தரச் சுமை, உச்ச நேரச் சுமை என்று மூன்று நிலைகளில் அளக்கும் முறையை ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி முன்னமே வகுத்துவைத்திருக்கிறது. ஆனால் விற்பனைக் குறிப்பேடுகளில் கொட்டை எழுத்தில் வருவது எப்போதும் உச்ச நிலைக்கான எண்தான். கருவி வாங்கும் குழுவில் யாரேனும் என்னிடம் கருத்துக் கேட்டால், தாழ்ந்த சுமைக்கான எண்ணையும், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழ எத்தனை மில்லிநொடி ஆகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்வேன்.